மின்னஞ்சற் களஞ்சியம்

வந்த கடிதத்தை என்ன செய்வது என்னும் கேள்வி, கடிதம் தோன்றிய நாள் தொட்டே மனிதனுடன் இருந்து வருகிறது. நம் வீடுகளில் முன்னாளில் இதற்கென்று ஒரு கம்பி இருந்தது. அடியில் ஒரு மரவட்டு, மேலே கூரிய நுனி. படித்து முடித்த கடிதத்தை அதில் குத்தி வைப்பார்கள். கம்பி நிறைந்துவிட்டால் யாரேனும் ஒருவர் உட்கார்ந்து, பழையவற்றைக் கழற்றி, வேண்டுவனவற்றைப் பெட்டியில் வைத்து, வேண்டாதவற்றை அடுப்புக்குத் தருவார். இன்று அக்கம்பியின் இடத்தைக் கணிப்பொறியில் உள்ள அஞ்சல் மென்பொருள் பெற்றிருக்கிறது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. கம்பி நிறைவது கண்ணுக்குத் தெரிந்தது. இது நிறைவது தெரிவதில்லை. தெரியாததனால் உட்கார்ந்து பிரிப்பவரும் இல்லை.

மின்னஞ்சற் கோப்புறைகள் எவ்வாறு பெருத்துப் போகின்றன, அவற்றை எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்பவன் நான். இங்கே லாரி அலுவலகங்களிலும், கோழிப் பண்ணைகளிலும், சவ்வரிசி ஆலைகளிலும், கல்லூரிகளிலும் நாள்தோறும் மின்னஞ்சல் வந்து குவிகிறது. ஆதலின் இங்கிருந்தே எடுத்துக்காட்டுகளைத் தருகிறேன்.

மின்னஞ்சல் பிறந்தது 1971இல். அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலையமைப்பின் வழியே செய்தி அனுப்பினார். முகவரியில் நாம் இடும் சுழியக் குறியைத் தேர்ந்தவரும் அவரே. அதன் பின் நெடுங்காலம் இடம் மிக அரிய பொருளாக இருந்தது. 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில்கூட ஹாட்மெயில் தன் பயனர்க்கு இலவசமாகத் தந்த இடம் 2 மெகாபைட்டுதான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதில் அடங்காது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நாள், ஜிமெயில் ஒரு கிகாபைட்டு தருவதாக அறிவித்தபோது, பலர் அதை முட்டாள்கள் தின வேடிக்கை என்றே எண்ணினர். வேடிக்கையன்று, மெய்யே என்று தெரிந்ததும், உலகம் முழுவதும் ஒரு பழக்கம் மறையத் தொடங்கியது. கழிக்கும் பழக்கமே அது. இடம் குறைவாக இருந்த காலத்தில் மக்கள் கடிதத்தைப் படித்ததும், வைப்பதா விடுவதா என்று முடிவு செய்தார்கள். இடம் மிகுந்ததும் அம்முடிவை ஒத்திவைத்தார்கள்.

ஒத்திவைத்த முடிவுகள் ஒரு நாள் ஒன்றாக வந்து கதவைத் தட்டுகின்றன. இன்று கூகிள் இலவசமாகத் தரும் இடம் 15 கிகாபைட்டு. அஞ்சல், கோப்புகள், புகைப்படங்கள் மூன்றும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இடம் நிரம்பிவிட்டால் கடிதம் அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது. தேர்வு நுழைவுச் சீட்டு, கலந்தாய்வு அழைப்பு, உதவித்தொகை பற்றிய வினா ஆகிய எல்லாம் மின்னஞ்சலில் வருகின்ற இந்நாளில், ஒரு மாணவனுடைய அஞ்சற்பெட்டி நிரம்பிக் கிடப்பது சிறு குறையன்று. வந்த கடிதம் திருப்பப்பட்டது என்பதை அனுப்பியவர் அறிவார். பெற வேண்டியவன் அறியமாட்டான்.

இடத்தைத் தின்பது எது? சொற்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். ‘சேலம்’ என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணிப்பொறியோ அதை ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என ஐந்து குறிகளாகக் கொள்கிறது. இன்று பரவலாக வழங்கும் யூனிகோடு எழுத்து முறையில், யுடிஎஃப்-8 வடிவத்தில், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். ஆகவே தமிழில் சேலம் 15 பைட்டு. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட்டு. ‘நாமக்கல்’ தமிழில் எட்டுக் குறிகள், 24 பைட்டு. ஆங்கிலத்தில் 8 பைட்டு. தமிழுக்கு மும்மடங்கு இடம் வேண்டியிருக்கிறதே என்று கவலைப்பட வேண்டா. இரண்டாயிரம் குறிகள் கொண்ட ஒரு முழுப் பக்கத் தமிழ்க் கடிதம் 6,000 பைட்டு மட்டுமே. 4 மெகாபைட்டு அளவுள்ள ஒரு புகைப்படத்தின் இடத்தில் அத்தகைய பக்கங்கள் 650க்கு மேல் அடங்கும். தடித்த நூல் ஒன்றையே ஒரு படம் விழுங்குகிறது. ஆகவே இடம் வேண்டுபவர் தாயின் கடிதத்தை அழிக்க வேண்டியதில்லை; உடன் வந்த இணைப்புகளைப் பார்க்க வேண்டும்.

இணைப்புகளில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. மின்னஞ்சல் தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளைச் சுமப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. படத்தையும் ஒலியையும் அதில் ஏற்றுவதற்கு 1992இல் நதானியல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீடு என்னும் இருவர் ஒரு நெறியை வகுத்தனர். அந்நெறிப்படி, படத்தின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துகளாக மாற்றி எழுதப்படுகிறது. எனவே ஓர் இணைப்பு தன் உண்மை அளவைவிட மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாகவே இடத்தை அடைக்கிறது. 9 மெகாபைட்டு படம் அஞ்சலில் 12க்கு மேல் ஆகிவிடும். அதை ஐவருக்கு ஐந்து முறை தனித்தனியே அனுப்பினால், அனுப்பியவை என்னும் கோப்புறையில் ஐந்து படிகள் தங்கும். வரும் கடிதங்களைப் பற்றியே கவலைப்படுகிறவர்கள், தாம் அனுப்பியவை சேர்ந்து கிடக்கும் கோப்புறையை மறந்துவிடுகிறார்கள்.

இனி, கணிப்பொறிக்குள் கடிதங்கள் எவ்வாறு வைக்கப்படுகின்றன என்று காண்போம். மோசில்லா நிறுவனத்தின் தண்டர்பேர்டு என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பரில் அதன் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. திரையில் நாம் காண்பது தனித்தனிக் கடிதங்கள். வட்டிலோ, வழக்கமான அமைப்பில், ஒரு கோப்புறை முழுவதும் ஒரே நீண்ட கோப்பு. எம்பாக்ஸ் என்று அதற்குப் பெயர். ஏட்டுச் சுவடியில் ஏடுகளைக் கயிற்றில் கோப்பதுபோல, கடிதத்தின் பின் கடிதமாக அதில் கோக்கப்படுகின்றன. எந்தக் கடிதம் எங்கே தொடங்குகிறது என்பதைக் குறிக்கும் சிறிய அட்டவணைக் கோப்பு ஒன்று பக்கத்தில் இருக்கும்.

இப்போது ஒரு கடிதத்தை அழிக்கிறீர்கள். திரையிலிருந்து அது மறைகிறது. வட்டிலிருந்து மறைவதில்லை. நடுவில் உள்ள ஏட்டை உருவ வேண்டுமானால் சுவடி முழுவதையும் பிரித்துக் கோக்க வேண்டுமன்றோ? ஒவ்வொரு முறையும் அவ்வாறு செய்வது காலக்கேடு. ஆகவே, இது கழிக்கப்பட்டது என்று ஓர் அடையாளம் மட்டும் இடப்படுகிறது. ஆயிரம் கடிதம் அழித்தும் இடம் கூடவில்லையே என்று பலர் மயங்குவதற்குக் காரணம் இதுவே.

களத்து மேட்டில் கதிரடித்த பின் மணியும் பதரும் கலந்து கிடக்கும். பதர் எது என்று தெரிந்துவிட்டதனாலேயே களம் சுத்தமாகிவிடாது. காற்றில் தூற்ற வேண்டும். அஞ்சலில் அவ்வாறு தூற்றுவதற்குக் ‘காம்பாக்ட்’ என்னும் கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்ததும், மென்பொருள் ஒரு புதிய கோப்பைத் திறந்து, உயிருள்ள கடிதங்களை மட்டும் அதில் படியெடுத்து, முடிந்த பின் பழைய கோப்பை நீக்கிப் புதியதை அதன் இடத்தில் வைக்கிறது. கழிந்தவை ஓர் அளவுக்கு மேற்பட்டால் மென்பொருளே இதைச் செய்ய முற்படுவதும் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். புதியது முடியும்வரை பழையதும் இருக்க வேண்டுமாதலால், அந்நேரத்துக்கு வட்டில் கூடுதல் இடம் தேவை. தூற்றுவதற்குக் களத்தில் வெற்றிடம் வேண்டும் என்பதை உழவர் அறிவர். வட்டு முற்றும் நிரம்பும்வரை காத்திருந்தவர்க்கு இவ்வழி அடைபட்டுவிடும்.

கோப்பின் அளவுக்கும் எல்லை உண்டு. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக், ஒருவருடைய கடிதங்கள் அனைத்தையும் பி.எஸ்.டி. என்னும் ஒரே கோப்பில் வைக்க வல்லது. 2002ஆம் ஆண்டுப் பதிப்பு வரையில் அக்கோப்பின் எல்லை 2 கிகாபைட்டு. 2003இல் வந்த புதிய வடிவத்தில் அது 20 ஆகவும், 2010இல் 50 ஆகவும் உயர்த்தப்பட்டது. விரல் நீளச் சேமிப்புக் குச்சிகள் பலவற்றில் எஃப்.ஏ.டி.32 என்னும் பழைய அமைப்பு இருக்கிறது. 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு தனிக் கோப்பை அது ஏற்காது. குச்சியில் 32 கிகாபைட்டு வெற்றிடம் இருந்தும், 5 கிகாபைட்டுக் கோப்பு ஏற மறுப்பது இதனால்தான். ஒரே பெருங்குதிரில் எல்லாவற்றையும் கொட்டி வைப்பவர், அக்குதிர் விரிசல் கண்டால் எல்லாவற்றையும் இழக்க நேரிடும். ஆண்டுக்கு ஒரு கோப்புறை, பொருளுக்கு ஒரு கோப்புறை என்று சிறு குதிர்களாக வைப்பதே அறிவுடைமை. வருகைப் பெட்டியில் இன்னும் முடிவு செய்யப்படாத கடிதங்கள் மட்டும் இருப்பது நன்று.

அடுத்து நாம் தெளிய வேண்டியது, கடிதம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது. பாப் என்னும் பழைய முறை, அஞ்சலகத்துக்குச் சென்று கடிதத்தை வீட்டுக்கு எடுத்து வருவது போன்றது. ஐமேப் என்னும் முறை, 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வகுத்தது. இதில் கடிதம் தொலைவில் உள்ள வழங்கிக் கணிப்பொறியிலேயே இருக்கிறது. நம் மேசையில் காண்பது அதன் நிழல். நிழலென்று எண்ணி அழித்தால், தொலைவில் உள்ள மெய்யும் அழியும். கைப்பேசியில் காண்பதும் உடன் மறையும்.

இதனால் விளைந்த இடர் ஒன்றை நான் அறிவேன். நாமக்கல்லில் ஒரு லாரி அலுவலகம். அங்கிருந்த எழுத்தர் பொறுப்புள்ளவர். கணிப்பொறி மெதுவாகிவிட்டதே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, முந்தைய இரண்டாண்டுக் கடிதங்களை அழித்தார். மூலம் வலையில் பத்திரமாக இருக்கும், இங்கே இருப்பது படிதானே என்பது அவர் எண்ணம். அவர்கள் வைத்திருந்ததோ ஐமேப் முறை. அழித்தவை வழங்கியின் குப்பைக் கூடைக்குச் சென்று, முப்பது நாள் இருந்து, பின் நிலையாக நீங்கின. நாற்பது நாள் கழித்து, வழியில் விபத்துக்குள்ளான ஒரு சுமையின் இழப்பீட்டுக்காகப் பழைய படங்களும் சரக்கு ஒப்புகைச் சீட்டும் தேவைப்பட்டன. நான் சென்று பார்த்தபோது செய்வதற்கு எஞ்சியிருந்தது ஒன்றே: எதிர்ப்பக்கத்தில் கடிதம் எழுதியவர்களிடம் படி கேட்டுப் பெறுவது. படங்கள் கிடைத்தன. பெற்றுக்கொண்டவர் கையொப்பமிட்ட சீட்டு கிடைக்கவில்லை. அந்த வாடகைத் தொகை வரவேயில்லை. ஓட்டுநர் பல நாள் கண்விழித்து ஓட்டிய உழைப்பின் கூலி அது. ஆகவே அழிப்பதற்கு முன், உங்கள் கணக்கு பாப் முறையா, ஐமேப் முறையா என்று அமைப்புப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐமேப் ஆயின், காக்க வேண்டியவற்றை முதலில் ‘உள்ளூர்க் கோப்புறை’க்கு மாற்றி, அங்கே திறந்து பார்த்து, அதற்கும் ஒரு படி எடுத்து வைத்த பின்னரே வழங்கியிலிருந்து நீக்குங்கள்.

எதைக் காப்பது, எதைக் கழிப்பது? இக்கேள்விக்கு விடை காண நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பதிவறையே நல்லாசிரியன். பழைய சென்னை மாகாணத்து அலுவலக நடைமுறையில், ஒரு கோப்பின் மீது முடிவு எடுத்தவுடனேயே, அது எத்தனை காலம் வாழ வேண்டும் என்பதும் குறிக்கப்பட்டுவிடும். நிலையாக வைக்க வேண்டியவை, பத்தாண்டு வைக்க வேண்டியவை, மூன்றாண்டு வைக்க வேண்டியவை, ஓராண்டில் கழிக்க வேண்டியவை என்று வகைகள் உண்டு. இவ்வகைப்பாடு இன்றும் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வழங்கி வருகிறது. இதன் சிறப்பு யாதெனில், கழிக்கும் காலம் வந்தபோது யாரும் கோப்பை மீண்டும் படித்து மயங்க வேண்டியதில்லை. பொருள் மனத்தில் தெளிவாக இருந்த நாளிலேயே முடிவு எழுதப்பட்டுவிட்டது.

இதையே உங்கள் அஞ்சலுக்கும் கொள்ளுங்கள். கோழிப் பண்ணையாளர் ஒருவருக்கு நாமக்கல் மண்டலத்து முட்டை விலை பற்றிய செய்தி நாள்தோறும் வருகிறது. 1982இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை அது. அடுத்த விலை வந்ததும் முந்தைய செய்தியின் வேலை பெரும்பாலும் முடிந்தது. அவருக்கே வரும் தீவன ஆய்வறிக்கை சில ஆண்டுகளுக்கு வேண்டும். வங்கிக் கடன் ஒப்பந்தமோ கடன் தீர்ந்த பின்னும் வேண்டும். சேலத்தில் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே சவ்வரிசி விற்கும் ஆலையாளரும் அவ்வாறே. ஏல நாள் நினைவூட்டல் அன்றோடு முடியும். விற்பனைப் பட்டியலும் வரிச் சீட்டும் கணக்குத் தணிக்கை முடியும்வரை வேண்டும்.

மாணவர்களாகிய உங்களுக்கு எவை நிலையானவை? மதிப்பெண் பட்டியல், சேர்க்கை ஆணை, கட்டண ரசீது, உதவித்தொகை ஆணை ஆகியவை நிலையானவை. பாட வேளை மாற்றம், கூட்ட அறிவிப்பு, வணிக விளம்பரம் ஆகியவை ஓராண்டுகூட வாழத் தகுதியற்றவை. நான்கு கோப்புறைகளை அமைத்து, நிலையானவை, பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு என்று பெயரிட்டுவிட்டால், படித்த அக்கணமே கடிதம் தன் இடத்தை அடையும். ஆண்டு முடிவில் ஓராண்டுக் கோப்புறையைக் கழிப்பது ஒரு நிமிட வேலை.

முன்பே பெருத்துப் போன பெட்டியைச் சீர்செய்வதற்கு ஓர் ஒழுங்கு சொல்கிறேன். முதலில் அஞ்சல் மென்பொருளை மூடிவிட்டு, அதன் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுங்கள். அப்படியைத் திறந்து பார்த்துச் சரிபாருங்கள். திறந்து பார்க்காத படி, எண்ணிப் பார்க்காத பணம் போன்றது. இரண்டாவதாக, கடிதங்களை நாள்வரிசையில் அன்றி, அளவு வரிசையில் அடுக்குங்கள். சில கடிதங்களே பெரும் பகுதி இடத்தை அடைத்திருப்பதைக் காண்பீர்கள். மூன்றாவதாக, அவற்றின் இணைப்புகளைத் தனியே ஒரு கோப்புறையில் எடுத்து வைத்து, கடிதத்திலிருந்து நீக்குங்கள். தண்டர்பேர்டில் இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் கட்டளை உண்டு. கடிதத்தின் சொற்கள் அப்படியே இருக்கும். நான்காவதாக, குப்பைக் கூடையையும் வேண்டா அஞ்சல் பெட்டியையும் காலி செய்யுங்கள். ஐந்தாவதாக, ‘காம்பாக்ட்’ கட்டளை கொடுத்துத் தூற்றி முடியுங்கள். இவ்வரிசையை மாற்ற வேண்டா. படியெடுக்கும் முன் தூற்றுவது, விதை எடுத்து வைக்கும் முன் விற்றுவிடுவதற்கு ஒப்பாகும்.

தூற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அழித்த கடிதம் வட்டிலேயே கிடக்கிறது என்றேன். சாதாரண எழுத்துத் திருத்தி ஒன்றினால் அக்கோப்பைத் திறந்தால், கழித்ததாக நீங்கள் நினைத்த கடிதத்தைப் பெரும்பாலும் எவரும் படிக்கலாம். பழைய கணிப்பொறியை விற்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஆதார் அட்டையின் படி, வங்கிக் கணக்கு விவரம், வீட்டாரின் அந்தரங்கச் செய்தி ஆகிய எல்லாம் வாங்குபவர் கைக்குச் செல்லும். விற்கும்போது தூற்றுவது மட்டும் போதாது. வட்டு முழுவதையும் துடைக்கும் கருவியால் துடைத்துக் கொடுப்பதே முறை.

இடம் மலிவாகிவிட்டதே, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். விலை கொடுத்தால் இடம் கிடைக்கும் என்பது உண்மையே. தேடும் வசதியும் இன்று மிகுந்திருக்கிறது. ஆயினும் தேடுவதற்கு, என்ன சொல்லைத் தேடுவது என்று நினைவிருக்க வேண்டும். பத்தாண்டு கழித்து உங்கள் பிள்ளையோ, அலுவலகத்தில் உங்கள் இடத்துக்கு வருபவரோ தேடும்போது, அச்சொல் அவர்க்குத் தெரியாது. கோப்புறையின் பெயர் அவர்க்கு வழிகாட்டும். மேலும், விலை கொடுத்து வாங்கிய இடம் ஆண்டுதோறும் கேட்கும் வாடகை. ஒரு முறை செலுத்தத் தவறினால் என்னவாகும் என்பதையும் எண்ண வேண்டும். இரண்டாண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்குவதாகக் கூகிள் அறிவித்து, 2023 டிசம்பர் முதல் அதைச் செயற்படுத்தவும் தொடங்கியது. பிறர் வீட்டில் வைத்த பொருளுக்குத் தன் வீட்டிலும் ஒரு படி வேண்டும்.

1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, சேலமும் பாரமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடு முதல் ஆட்சியராக வந்தார். தாமஸ் மன்றோ அவருக்குத் துணையாக இருந்தார். ஊர் ஊராகச் சென்று நிலத்தையும் வரியையும் பற்றி அவர்கள் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும், ஒரு நூற்றாண்டுக்குப் பின் ‘பாரமகால் பதிவுகள்’ என்னும் பெயரில் சென்னையில் அச்சாயின. இச்சமவெளியில் அக்காலத்து உழவன் என்ன விளைத்தான், என்ன வரி செலுத்தினான் என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர் இன்றும் அவற்றையே நாடுகின்றனர். எழுதியவர்களின் திறமை ஒருபுறம் இருக்க, கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்புமாறு அவற்றைக் கட்டி வைத்து, வேண்டாதவற்றின் நடுவே அவை புதைந்து போகாமல் பார்த்துக்கொண்ட, பெயர் அறியாத பதிவறை எழுத்தர்களும் அந்நூலுக்கு உரிமையுடையவர்களே.

இன்று ஒவ்வொரு மாணவனும் தன் கடிதங்களுக்குத் தானே பதிவறை எழுத்தன். மாதத்துக்கு ஒரு மணி நேரம் அப்பணிக்கு ஒதுக்குங்கள், அது போதும்.